மேடைப் பெயரை டிரேட்மார்க்காகப் பதிவு செய்தபோது பட்ட பாடு

கச்சேரி, இணையவழி வகுப்பு, ஒலிப்பதிவு, அண்மையில் தொடங்கிய வீணைத் தந்தி விற்பனை என என் பிழைப்பு முழுவதும் மேடைப் பெயர் ஒன்றையே நம்பியிருக்கிறது. அதே பெயரில் வேறு ஊரில் ஒருவர் இசைப்பள்ளி நடத்துவதோடு டிரேட்மார்க்குக்கும் விண்ணப்பித்துவிட்டார் என்று தெரிந்ததும் பதிவு வேலையில் இறங்கினேன். பெயரின் உரிமை கையில் இருப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு உதாரணமும் உண்டு: பாடகர் தலேர் மெஹந்தி, 1996-இல் தொடங்கப்பட்ட நிறுவனத்துக்குத் தம் பெயரின் உரிமைகளை எழுதிக் கொடுத்திருந்ததால்தான், அவரைப் போலப் பாடும் பொம்மைகளை விற்றவர்கள்மீது அந்நிறுவனம் வழக்குத் தொடுத்து 2010-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வென்றது.

டிரேட்மார்க் பதிவில் பொருள்களையும் சேவைகளையும் எண்ணிட்ட வகைகளாகப் பிரித்திருக்கிறார்கள்; தனிநபர் இணையத்தில் விண்ணப்பித்தால் ஒரு வகைக்கு ₹4,500. கச்சேரிக்கும் கற்பித்தலுக்கும் வகை 41, ஒலிப்பதிவுக்கு 9, தந்திக்கு 15. நான் அமர்த்திய முகவர் 41 மட்டும் போதும் என்றார். அதைவிட மோசம், 2008 முதல் மேடையில் இருக்கும் பெயரை ‘இனிமேல் பயன்படுத்தப் போவது’ என்று வரைவில் குறித்து வைத்திருந்தார். அப்படியே போயிருந்தால் முன்பிருந்தே பயன்படுத்துவதால் வரும் மூத்த உரிமை என்ற வாதமே எனக்கு இருந்திருக்காது. வரைவை வரிவரியாகப் படிக்காமல் யாரையும் சமர்ப்பிக்க விடாதீர்கள்.

எதிர்பார்த்தபடியே டிரேட்மார்க் அலுவலகத்தின் பரிசோதனை அறிக்கையில், அதே போன்ற பெயருக்கு வேறொருவர் முன்பே விண்ணப்பித்திருக்கிறார் என்று 11-ஆம் பிரிவின்கீழ் ஆட்சேபம் வந்தது. பதிலளிக்க ஒரு மாதம்தான் அவகாசம். சான்றுக்குச் சபா அழைப்பிதழ்களை எடுத்துப் பரப்பினால், ‘டிசம்பர் 27, சனிக்கிழமை, பிற்பகல் 2.45’ என்று நேரம், பக்கவாத்தியக்காரர் பெயர் உட்பட எல்லாம் இருக்கிறது, ஆண்டு மட்டும் இல்லை. கிழமையை வைத்தும் நிறுவ முடியாது. 2008-இலும் அந்தத் தேதி சனி, 2014-இலும் சனி. சான்றுக் கடிதம் தருவதாகச் சொன்ன ஒரு சபாவுக்கு அலைந்து போனால், பழைய ரசீதுப் புத்தகங்களை எடைக்குப் போட்டுவிட்டதாக எழுத்தர் தலையை நிமிர்த்தாமலே சொல்லி அனுப்பினார். எவ்வளவு மனம் நொந்தேன் என்று சொல்லி முடியாது.

கைகொடுத்தது ஆடிட்டரின் கோப்பு. சன்மானத்தில் வரி பிடித்ததற்கான படிவம் 16ஏ-யில் நிதியாண்டு தெளிவாக இருந்தது. ஆனால் அது என் சட்டப்பூர்வப் பெயரில் இருந்தது. காசோலையோடு வந்த சபாவின் கடிதம், தேதியிட்டு, மேடைப் பெயருக்கே எழுதப்பட்டு, அதே தொகையைச் சொல்லியதால் இரண்டையும் இணைத்துப் பிரமாணப் பத்திரத்தோடு பதிவேற்றினேன். காணொலி விசாரணையில் அதிகாரி அந்தக் கடிதத்தைத்தான் பெரிதாக்கிப் பார்த்தார். அந்த நிமிடம் நெஞ்சு நிறைந்தது.

பிறகு டிரேட்மார்க் அலுவலகத்தின் இதழில் வெளியீடு, யாராவது எதிர்ப்பதற்கான நான்கு மாதக் காத்திருப்பு. யாரும் எதிர்க்கவில்லை. வகை 41-க்கும் 9-க்கும் பத்தாண்டுச் சான்றிதழ் வந்துவிட்டது. தந்திக்கான விண்ணப்பம் மட்டும் நிலுவையில் இருக்கிறது; அதற்காக முதல் விற்பனை ரசீது முதல் ஒவ்வொன்றையும் தேதியோடும் மேடைப் பெயரோடும் கோப்பில் சேர்த்து வருகிறேன்.