ஏழாம் படி வந்திட்டு

நேத்துப் பின்னேரம் ஏழாம் படி வெளிய வந்திட்டு. அம்மாதான் முதல் கண்டவ. ஈரச்சீலையோட வாளியையும் தூக்கிக்கொண்டு முத்தத்துல வந்து நிண்டு "ஏழு வந்திட்டுடா" எண்டா, லொத்தர் விழுந்த மாதிரி ஒரு சந்தோசம் முகத்துல.

விளங்காத ஆக்களுக்குச் சொல்றன். எங்கட குளத்துல குளிக்கிற துறையில ஒரு சீமெந்துப் படிக்கட்டு இருக்கு, மாரியில அது முழுக்கத் தண்ணிக்குள்ள, தை மாசி கழிஞ்சு வெயில் ஏற ஏற மேல இருந்து ஒவ்வொண்டா வெளிய வரும், அதால எங்கட ஊர்ல வெயில் காலத்துல ஆரும் மே மாசம் ஜூன் மாசம் எண்டு கதைக்கிறது குறைவு. தங்கச்சிட கலியாணம் மூண்டாம் படியில நடந்தது. அப்பா செத்தது அஞ்சாம் படியில. கடன் வாங்கினவன்கூட "ஆறாம் படிக்குள்ள தந்திருவன் அண்ணே" எண்டுதான் சொல்லுவான் (தரமாட்டான், அது வேற கதை).

ஊர்ப் பேர் போடேல்ல. திருகோணமலை மாவட்டம், தம்பலகாமம் பக்கம், உள்ளுக்க. திருகோணமலை எண்டா வெளிநாட்டுச் சனம் நிலாவெளியையும் உப்புவெளியையும் புறாமலையையும் தான் நினைக்கும், அங்க மே தொடக்கம் செப்டெம்பர் மட்டும் சீசன், கடல் கண்ணாடி மாதிரிக் கிடக்கும், ரூம் விலை கேட்டா தலை சுத்தும். அதே மாசங்கள்லதான் எங்களுக்குக் கச்சான் அடிக்கிறது. கச்சான் காத்து தெரியும் தானே, தென்மேற்கால மழையெல்லாத்தையும் மலைநாட்டுல கொட்டிப்போட்டு எங்கட பக்கம் வரேக்க வெறும் சூட்டோட வரும், பத்து மணிக்குப் பிறகு வெளிய நிண்டா அடுப்புக்கு முன்னால முகத்தை நீட்டின மாதிரி இருக்கும், 35, 36 பாகை எல்லாம் சாதாரணம். கொடியில போட்ட சாரம் பதினஞ்சு நிமிசத்துல அப்பளம். எங்களுக்கு வாற மழையில பெரும்பங்கு ஐப்பசியில இருந்து தைக்குள்ள வந்து முடிஞ்சிரும், பிறகு ஒன்பது மாசம் அதை வச்சுத்தான் சீவியம்.

எங்கட குளம் சின்னன். கந்தளாய்க் குளம் மாதிரி இல்ல. கந்தளாய்க்கு மின்னேரியாப் பக்கம் இருந்து பழைய யோத எல வாய்க்காலால தண்ணி வருது, டவுனுக்குக் குடிக்கிற தண்ணியும் அங்க இருந்துதான் போகுது, கதையும் பெருசு. குளக்கோட்டன் பூதங்களை வச்சுக் கட்டினான் எண்டு எங்கட ஆக்கள், ஏழாம் நூற்றாண்டுல ரெண்டாம் அக்கபோதி எண்டு சரித்திரப் புத்தகம், ரெண்டு பக்கமும் விட்டுக்குடுக்கப் போறதில்ல. எங்கட குளத்துக்கு ராசாவும் இல்ல பூதமும் இல்ல. வானத்தை நம்பின குளம். ஒரு கட்டு, ஒரு துரிசு (வயலுக்குத் தண்ணி திறந்து விடுற மதகு), ஒரு வான் (நிரம்பின தண்ணி வழிஞ்சு போற இடம்), கட்டுல ரெண்டு மருதமரம், மரத்தடியில ஒரு பிள்ளையார், அவருக்கும் கூரை தகரம்தான்.

இந்த வருசம் சிறுபோக (வெயில் காலத்து நெல்லு) ஆரம்பக் கூட்டம் நடக்கேக்க ரெண்டாம் படி. ரெண்டாம் படியில கூட்டம் வச்சாலே சண்டை வரும் எண்டு தெரியும். முழு வயலுக்கும் தண்ணி காணாது, அப்ப வழமை என்னெண்டா துரிசுக்குக் கிட்ட இருக்கிற வயலை மட்டும் செய்யிறது, அதைக் கூறு போட்டு எல்லாருக்கும் பிரிக்கிறது, உன்ட காணி எங்க கிடக்கெண்டு பாக்கிறது இல்ல, கடைசி வாய்க்கால்ல காணி வச்சிருக்கிறவனுக்கும் தலைவாய்க்கால்ல ஒரு துண்டு வரும். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா தலைவாய்க்காலுக்குப் பக்கத்துல சொந்தமா காணி வச்சிருக்கிற என்ட மாமாட முகத்தைப் பாத்தா உங்களுக்கு விளங்கும். "என்ட காணிக்குள்ள அவன் வந்து வரம்பு கட்டுவான், நான் பாத்துக்கொண்டு நிக்கோணுமோ" எண்டு எழும்பினார், வட்டவிதானை (குளத்துத் தண்ணியைப் பங்கிடுற பொறுப்பாளர்) இருங்கோ இருங்கோ எண்டார், பிறகு மாமாவே இருந்திட்டார். அவருக்கும் தெரியும் போன தலைமுறையில அவற்ற அப்பா கடைசி வாய்க்கால்லதான் காணி வச்சிருந்தவர் எண்டு. மூண்டு மாச நெல்லு போடுறது எண்டு முடிவாச்சு. பிள்ளையாருக்குப் பொங்கல் வச்சுத் துரிசைத் திறந்தாங்க. மாமா ரெண்டு தரம் பொங்கல் வாங்கிச் சாப்பிட்டவர்.

சரி, இப்ப ஏழாம் படிக்கு வாறன்.

ஏழு வந்தா குளத்துல முக்கால்வாசி வெறும் தரை. அந்தத் தரையில புல்லு முளைக்கும், புல்லு முளைச்சா கிண்ணியாப் பக்கத்து மாட்டுப் பட்டி வந்திரும். நானா (முஸ்லிம் அண்ணன்) ஒராள் வருசா வருசம் எருமைகளைக் கொண்டுவந்து குளத்தோரமாப் பட்டி போடுவார், விடிய அஞ்சு மணிக்குப் போனா முட்டியோட தயிர் வாங்கலாம், சட்டியைக் கவிட்டாலும் விழாது. அவற்ற வாப்பா காலத்துல பாலம் இல்லையாம், தயிர் முட்டியளைப் பாதையில ஏத்தித்தான் டவுனுக்குக் கொண்டு போறதாம். (பாதை எண்டா றோட்டு இல்ல, ஆக்களையும் வாகனத்தையும் ஏத்திற தெப்பம், 2009 இல கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு வந்த பிள்ளையளுக்கு இந்தச் சொல்லே தெரியாது.)

அடுத்தது ஒல்லிக்கிழங்கு. அல்லிக்கு அடியில கிடக்கிற கிழங்கு, தண்ணி வத்தின சேத்துல காலால துளாவினா குதிக்கால்ல உருண்டையா முட்டும். கறுத்த தோல். அவிச்சு உரிச்சா உள்ளுக்க மஞ்சளா மாவா இருக்கும், தேங்காப்பூவும் உப்பும் போதும். சின்னப் பிள்ளையில எங்களுக்கு இதுதான் பின்னேரச் சாப்பாடு, இப்ப டவுன்ல எங்கயாவது வித்தா நானே காசு குடுத்து வாங்கிறன். ஆனி ஆடியில காட்டுப் பக்கம் போனா பாலப்பழமும் கிடைக்கும், தின்னா சொண்டெல்லாம் பசை மாதிரி ஒட்டும், ஆனா அங்க கரடியும் அதே பழத்துக்குத்தான் வரும் எண்டபடியா அம்மா என்னை இப்பவும் விடமாட்டா. எனக்கு முப்பத்தாறு வயசு.

மருமகன் லீவுக்கு வந்து நிக்கிறான், வவுனியாவில இருந்து, பதினொரு வயசு. வந்து ரெண்டு நாள் போன் கையில, கவரேஜ் இல்லையெண்டு கட்டுல ஏறி நிண்டு கையை உயத்திக்கொண்டு திரிஞ்சான். மூண்டாம் நாள் மாமா கரப்பைக் கையில குடுத்திட்டார்.

கரப்பு பாக்காத ஆக்கள் இருக்கலாம். பிரம்பாலயோ கம்பாலயோ பின்னின கூடை, அடியும் இல்ல மேலயும் ஓட்டை, கீழ வாய் அகலம் மேல கை போற அளவு. முழங்கால் தண்ணியில வரிசையா நிண்டு சேத்துக்குள்ள டக் டக்கெண்டு குத்திக்கொண்டே போகோணும், உள்ளுக்க மீன் அம்பிட்டா கரப்புல வந்து மோதும், அந்த அதிர்ச்சி கையில தெரியும். தெரிஞ்ச உடன கரப்பை அமத்திப் பிடிச்சுக்கொண்டு மேல் ஓட்டையால கையை விட்டுத் தடவிப் பிடிக்கிறது. தண்ணி சேத்து நிறம், ஒண்டும் தெரியாது, கைதான் கண். செதில் சொரசொரப்பா இருந்தா யப்பான் மீன். வழுக்கிக்கொண்டு முழங்கை மொத்தத்துல ஓடினா விரால், அண்டைக்கு வீட்டுல திருவிழா. யப்பான் எண்டு பேர் இருந்தாலும் யப்பானுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, திலாப்பியா ஆபிரிக்காச் சாமான், இலங்கைக்கு 1952 இல கொண்டுவந்து விட்டது, இண்டைக்கு அது இல்லாட்டி எங்கட பக்கத்துக் குளத்து மீன்காரருக்குச் சோறு இல்ல.

நான் மருமகனுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டு நிண்டன். "பயப்படாத, மெதுவா கையை விடு, மாமா காட்டுறன் பார்" எண்டு சொல்லிக் கையை விட்டது மட்டும்தான் தெரியும். சுங்கான் மீன். செட்டை முள்ளால பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவுல ஒரே ஏத்து. கத்தின கத்துல கொக்கெல்லாம் எழும்பிட்டு. நோ எண்டா சும்மா நோ இல்ல, கை முழுக்க நெருப்புத் தண்ணி ஓடுற மாதிரி, தோள்மூட்டு வரைக்கும் ஏறிச்சு. மாமா வந்து பாத்தார், ஒண்டும் சொல்லாமக் கரப்பை வாங்கி அதே மீனைத் தலைக்குப் பின்னால அமத்திப் பிடிச்சு வெளிய எடுத்தார், ஒரு சாண்கூட இல்ல. கரையில இருந்த நானா "என்ன தம்பி, கந்தோர்ல வேலை செய்யிற கை எண்டு மீனுக்கும் தெரிஞ்சிட்டு போல" எண்டார். வரிசையில நிண்ட அவ்வளவு பேரும் சிரிச்சாங்க, சிறுபோகக் கூட்டத்துல மாமாவோட வாய்ச்சண்டை பிடிச்ச ஆள் உட்பட. மாமாவும் அந்த ஆளும் பக்கத்துல பக்கத்துலதான் குத்திக்கொண்டு போனாங்க, ரெண்டு பேரும் ஒருத்தரோட ஒருத்தர் கதைக்கேல்ல, ஆனா ஒரு விரால் ரெண்டு கரப்புக்கும் இடையில பாஞ்ச நேரம் "அங்க அங்க, உன்ர பக்கம்" எண்டு கத்தினது மாமாதான். வீட்ட வந்து சுடுதண்ணிக்குள்ள கையை வச்சுக்கொண்டு இருந்தன். ராத்திரி யானை வெடிச் சத்தம் ரெண்டு தரம் கேட்டது, யானையும் தண்ணிக்குத்தானே வருது, பக்கத்து வளவுல ஆறு வாழை போயிட்டு. நான் நோவுல முழிச்சுக் கிடந்தபடியா எல்லாத்தையும் கேட்டன். முதலையைப் பற்றி எழுதேல்ல, எழுதினா தங்கச்சி வாசிச்சிட்டு நாளைக்கே வந்து பெடியனைக் கூட்டிக்கொண்டு போயிருவா.

குளம் வத்தினா ஊரே முகத்தைத் தொங்கப்போடும், அம்மாக்கு மட்டும் சந்தோசம் எண்டு சொன்னன் தானே. அதுக்குக் காரணம் இருக்கு. 1986 ஏப்ரல் 20, வருசப்பிறப்பு முடிஞ்சு ஒரு கிழமைகூட இல்ல, விடியப்புறம் கந்தளாய்க் குளக்கட்டு உடைஞ்சது. நூறு பேருக்கு மேல செத்தாங்க. அம்மாட தாய்வீடு தண்ணி வந்த பக்கம். அவ அதைப் பற்றி நீட்டிச் சொல்றது இல்ல, சத்தம் முதல் வந்தது தண்ணி பிறகு வந்தது எண்டு மட்டும் சொல்லுவா. மாரியில எங்கட குளம் நிரம்பி வான் பாயிற நாளையில அவ நித்திரை கொள்றது இல்ல, டோர்ச்சைத் தூக்கிக்கொண்டு கட்டுல போய் நிப்பா. எங்கட சின்னக் குளம் உடைஞ்சாலும் முழங்காலுக்குத்தான் தண்ணி வரும் எண்டு அப்பா எவ்வளவோ சொல்லிப் பாத்தவர்.

இண்டைக்குக் காலமை துறைக்குப் போனன், கை வீக்கம் இறங்கிட்டு. அம்மா உடுப்புத் தோச்சுக்கொண்டு, மருமகன் படியளை எண்ணிக்கொண்டு.

"அம்மம்மா, மொத்தம் எத்தினை படி?"

"பன்னண்டு."

"பொய். மாமா ஒன்பது எண்டவர்."

நான் கண்டது ஒன்பதுதான். 2019 இல நல்லா வத்தின நேரமும் ஒன்பதுக்குக் கீழ சேறுதான் பாத்தனான். குளத்துக்குள்ள மண் நிரம்பிக்கொண்டு வருது, தூர் வாருறம் எண்டு சம்பந்தப்பட்ட கந்தோர்ல இருந்து நாடா பிடிச்சு அளந்துகொண்டு போய்க் கனகாலம், நாடா பிடிச்ச பெடியனுக்கே இப்ப பிள்ளை பள்ளிக்கூடம் போகுது.

அம்மா சவுக்காரத்தைப் படியில வச்சிட்டு, சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணிக்குள்ள இறங்கினா. எட்டு. ஒன்பது. அங்க நிண்டு வலது காலை நீட்டிச் சேத்தைக் கிளறினா, கொஞ்ச நேரம், தண்ணி கலங்கிக் கறுத்துப் போச்சு, சின்ன மீன் குஞ்சுகள் வந்து கிளறின இடத்தை மொய்ச்சுது. பிறகு மருமகன்ர கையைப் பிடிச்சு இறக்கி, அவன்ர காலைத் தன்ர காலால தள்ளி அந்த இடத்துல வச்சா.

"தெரியுதா?"

"ஏதோ கல்லு மாதிரி."

"பத்து" எண்டா அம்மா.