கோடு போட்ட நம்பர்கள்

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு ஸ்டோரிலிருந்து போன். "தம்பி, பொருள் ரேக்குல இருக்கு. கம்ப்யூட்டர் இல்லைங்குது."

சனிக்கிழமை இரவுதான் அப்கிரேடை முடித்திருந்தோம். பழைய சர்வரில் இருந்த சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்கான ஆதரவு 2024 ஜூன் 30-உடன் முடிவதாக இருந்ததால், ஸ்டோர், பர்ச்சேஸ், பில்லிங் எல்லாம் ஓடும் மென்பொருளைப் புதிய சர்வருக்கு மாற்றினோம். டேட்டாபேஸ் ஃபைல்களை அப்படியே நகலெடுத்து, அங்கே வைத்து, போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளை அடுத்த பதிப்புக்கு ஏற்றினோம். நடந்ததையெல்லாம் பதிந்துவைக்கும் லாகில் ஒரு பிழைகூட இல்லை.

பாதியில் நின்றுபோகும் அப்கிரேடைக் கண்டு எனக்கு அவ்வளவு பயமில்லை. எங்கே நின்றது என்று லாக் சொல்லிவிடும், பேக்கப் இருக்கிறது, பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். எல்லாம் சரி என்று காட்டிவிட்டு உள்ளே தப்பாக ஓடுவதுதான் தூக்கத்தைக் கெடுக்கும்.

தற்காலிகச் சேமிப்பில் கோளாறா, பர்மிஷனில் கோளாறா என்று தேடியதில் இரண்டு மணி நேரம் போனது. ஸ்டோர் அண்ணன் மறுபடி கூப்பிட்டார். "பெரும்பாலும் நடுவுல கோடு போட்ட நம்பருங்கதான் தம்பி வரல."

அந்த ஒரு வரியில் விடை இருந்தது. டேட்டாபேஸ் சீக்கிரம் தேடிப் பிடிக்க வைத்திருக்கும் இன்டெக்ஸ் என்பது அகராதி மாதிரி. வரிசை மாறாமல் இருந்தால்தான் நடுவில் திறந்து முன்னாலோ பின்னாலோ புரட்டிச் சொல்லைப் பிடிக்க முடியும். எங்கள் டேட்டாபேஸில் எழுத்து வரிசையை முடிவு செய்வது போஸ்ட்கிரெஸ் அல்ல, லினக்ஸில் மற்ற மென்பொருள்கள் நம்பியிருக்கும் ஜிலிப்சி என்ற அடிப்படை லைப்ரரி. 2018-ல் வந்த ஜிலிப்சி 2.28-ல் அந்த வரிசை விதிகள் மாறின. பழைய சர்வரில் இருந்தது 2.17. இரண்டு சர்வரிலும் 11, 1-1 என்ற இரண்டை மட்டும் கொடுத்து வரிசைப்படுத்தச் சொன்னேன். பழையதில் 11 முதலில் வந்தது, புதியதில் 1-1. பழைய வரிசையில் கட்டிய இன்டெக்ஸைப் புதிய வரிசைப்படி புரட்டிக்கொண்டிருந்தது டேட்டாபேஸ். வயிறு கலங்கிவிட்டது. இன்டெக்ஸைத் தொடாமல் டேபிள் முழுக்கத் தேடச் சொன்னதும், காணாமல் போன பொருள் உடனே கிடைத்தது.

ஒத்திகையில் ஏன் தெரியவில்லை? சோதனை சர்வரில் ஃபைல்களை அப்படியே நகலெடுக்காமல், டேட்டாவை மட்டும் வெளியே எடுத்து (டம்ப்) ஏற்றியிருந்தோம். அப்படி ஏற்றும்போது இன்டெக்ஸ் எல்லாம் புதிதாகக் கட்டப்பட்டுவிடும். ஒத்திகை ஒரு வழியில், நிஜம் வேறு வழியில். அந்தத் தவறு எங்களுடையது.

சரி, ரீஇன்டெக்ஸ் செய்தால், அதாவது இன்டெக்ஸை மறுபடி கட்டினால் போதும் என்று ஓட்டினால் அதுவும் நின்றது. ஒரே நம்பரில் இரண்டு பதிவுகள். காலையிலிருந்து வாசலில் லாரி காத்திருக்க, தேடினால் வராத பொருட்களை ஸ்டோரில் புதிதாகப் பதிந்திருந்தார்கள். அவர்களால் வேறென்ன செய்ய முடியும்? இரட்டைப் பதிவைத் தடுக்க வேண்டிய இன்டெக்ஸே பழைய பதிவைப் பார்க்கத் தவறியிருந்தது.

என்ட்ரி எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, இரட்டைப் பதிவுகளை அச்செடுத்துக்கொண்டு ஸ்டோருக்கே போனேன். அண்ணன் ரேக் ரேக்காக நடந்து எண்ணி, ஒவ்வொன்றின் சரியான இருப்பையும் பேனாவால் ஓரத்தில் எழுதிக் கொடுத்தார். அதை வைத்துப் பதிவுகளை ஒன்றாக்கினோம். ரீஇன்டெக்ஸ் முடிய இரவு எட்டாகிவிட்டது. அப்புறம் ஆம்செக் என்ற சோதனைக் கருவியைக் கொண்டு இன்டெக்ஸ் ஒவ்வொன்றையும் சோதித்தோம்.

"இப்ப பாருங்கண்ணே" என்றேன். கோடு போட்ட நம்பர் ஒன்றைத் தட்டினார். வந்தது. வீட்டுக்குக் கிளம்பச் சொல்லியும் கேட்கவில்லை. கையிலிருந்த தாளின் கடைசி வரி வரைக்கும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழுந்தார்.