தும்பிக்கை வைத்த 'னை'

இன்னைக்கு எங்க அச்சகத்துக்கு ஒரு அண்ணன் வந்தார். அம்மாவுக்கு எண்பதாவது பிறந்தநாளாம், முப்பது வாழ்த்து அட்டை வேணும். "கம்ப்யூட்டர் எழுத்து வேண்டாம்மா. அந்தக் காலத்துல கல்யாணப் பத்திரிகை அடிப்பாங்களே, அப்படி."

எங்க ஈய எழுத்தெல்லாம் திருப்பாதிரிப்புலியூர்ல மூடின ஒரு அச்சகத்துல எடை போட்டு வாங்கினது. யானைத் தும்பிக்கை மாதிரி வளைஞ்ச பழைய னை, லை எல்லாம் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துல மாறிச்சு. அதுக்கு முந்தினதும் பிந்தினதும் ஒரே பெட்டியில கலந்து கிடக்கும். "அன்னைக்கு"ன்னு கோக்கும்போது கேட்டேன், "பழைய னை போடவா, புதுசா?" ஈய எழுத்து இடவலம் மாறித்தானே இருக்கும், கையில வாங்கி ரெண்டு மூணு தடவை திருப்பிப் பார்த்தார். தும்பிக்கை தெரிஞ்சதும் சிரிச்சுட்டார். "அம்மா இன்னும் இப்படித்தான் எழுதுவாங்க."

பழசே போட்டாச்சு.

காகிதம் நம்ம பாண்டிச்சேரி ஆசிரமத்துக் கைக்காகிதம், பருத்தித் துணிக் கழிவுல செய்யறது. அழுத்தி அடிச்சா எழுத்து பள்ளமா பதியும், தடவிப் பார்க்கலாம். இப்ப எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. எனக்கு டிரெடில் அச்சு மெஷின் ஓட்டக் கத்துக்குடுத்த பெரியவர் பார்த்தா தலையில அடிச்சுக்குவார். அவர் காலத்துல தாளோட முதுகுல எழுத்து புடைச்சா அது தப்பு, திட்டு விழும்.

ஓரத்துல ஒரு மல்லிக் கொடி, நான் வரைஞ்சு அச்சு பிளாக் எடுத்தது. பச்சை கொஞ்சம் தூக்கலாப் போச்சு. அவருக்குப் பிடிச்சிருக்காம், விட்டுட்டேன்.

இந்த ஈரக் காத்துல மை சீக்கிரம் காயாது. முப்பதும் துணிக்கொடியில கிளிப் போட்டுத் தொங்குது. ஃபேன் போடவும் பயமா இருக்கு.