முன்பணம் வருமானம் அல்ல

இயற்கை மருத்துவ நிலையத்தைத் தொடங்கிய முதல் ஆண்டில் என்னைத் திணற வைத்தது, வந்தவர்கள் மொத்தமாகச் செலுத்திய பணம்தான். பத்து அமர்வுகளுக்கான கட்டணத்தை முன்கூட்டியே பலரிடமிருந்து பெற்று, வங்கிக் கணக்கில் தொகை ஏறிய மகிழ்ச்சியில் இரண்டாவது சிகிச்சை மேசையை வாங்கிவிட்டேன். அடுத்த இரண்டு மாதங்கள் காலை முதல் மாலை வரை ஓயாமல் உழைத்தும், வாடகை கொடுக்க வேண்டிய நாளில் கையிருப்பு ஏறக்குறைய இல்லை. அந்த உழைப்புக்கான கூலியை நான் முன்பே செலவழித்திருந்தேன்.

கணக்கியல் முறைப்படி, முன்பணம் கைக்கு வரும் நாளில் அது வருமானமாகாது, நாம் தீர்க்க வேண்டிய பொறுப்பாகவே பதிவாகும். ஒவ்வோர் அமர்வும் முடிந்த பின்னரே அதில் பத்தில் ஒரு பங்கு நம்முடையதாகிறது. இடையில் ஒருவர் சிகிச்சையை நிறுத்திக்கொண்டால் மீதியைத் திருப்பித் தரவும் நேரலாம். ஆகவே இப்போது முன்பணத்தைத் தனிக் கணக்கில் வைத்து, மாலையில் கதவைப் பூட்டுமுன் அன்று முடிந்த அமர்வுகளை எண்ணி, அவற்றுக்குரிய தொகையை மட்டும் நடப்புக் கணக்குக்கு மாற்றுகிறேன்.

கட்டணத்தை நிர்ணயிக்கும்போதும் இதே கண்டிப்பு தேவை. ஓர் அமர்வின் கட்டணம் 100 என்றும், அதற்குச் செலவாகும் எண்ணெய், துணி, சலவை ஆகியவை 20 என்றும் வைத்துக்கொண்டால், மிஞ்சுவது 80. வாடகை, மின்சாரம், காப்பீடு, உதவியாளர் சம்பளம் ஆகியவற்றோடு நமக்கான ஊதியமும் சேர்ந்து மாதம் 16,000 ஆகுமானால், 200 அமர்வுகள் நடந்தால்தான் லாபமும் நட்டமும் இல்லாத நிலையை எட்டுவோம். 25 வேலை நாட்களில் அது நாளொன்றுக்கு எட்டு அமர்வு. உறக்கம், உணவு, பழைய நோய்கள், உட்கொண்டுவரும் மருந்துகள் என அனைத்தையும் விசாரிக்கும் முதல் சந்திப்பே ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொள்ளும் நம் தொழிலில், ஒருவரே தனியாக எட்டுப் பேரைக் கவனமாகப் பார்க்க இயலுமா என்பதை நேர்மையாக எண்ணிப் பார்க்க வேண்டும். இயலாதெனில் கட்டணத்தை உயர்த்துங்கள், அல்லது சிறிய இடத்துக்கு மாறுங்கள். நோயாளிக்குரிய நேரத்தைக் குறைத்து அந்தக் கணக்கை நேராக்குவதை நான் ஏற்கமாட்டேன்.

மூலிகைப் பொருட்களை மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்பது உண்மையே, ஆனால் காலாவதியான தைலப் புட்டியைக் கொட்டும்போது அந்தத் தள்ளுபடியும் சேர்ந்தே போகிறது. ஆறு வாரத் தேவைக்கு மேல் நான் வாங்குவதில்லை. காலாவதித் தேதி நெருங்கியதை அலமாரியின் முன்வரிசையில் வைக்கிறேன். வரிக்குரிய பங்கை வாரந்தோறும் ஒதுக்கிவிடுகிறேன்.

மூன்று மாத நிலையான செலவு சேமிப்பில் சேரும்வரை வேறு எந்தக் கருவியும் வாங்குவதில்லை என்று அன்று முடிவு செய்தேன். அந்த இரண்டாவது மேசைக்கு வாரத்தில் மூன்று நாட்களாவது ஆள் வரத் தொடங்கியது பதினோராம் மாதத்தில்தான்.