சட்டையைப் பிடித்தாரா?

பதினாறு வருடம் ஒரே லேத்தில் நின்றவரை, நைட் ஷிஃப்டில் சூப்பர்வைசரின் சட்டையைப் பிடித்தார் என்று டிஸ்மிஸ் செய்தார்கள். அப்போது நான் அம்பத்தூரில் அந்தத் தொழிற்சாலையின் சங்கச் செயலாளர். லேபர் கோர்ட்டுக்குப் போனால் வருடக்கணக்கில் இழுக்கும் என்று பயந்து, தொழில் தகராறுகள் சட்டத்தின் 10ஏ பிரிவின்படி நடுவரிடம் போகலாம் என்று சொன்னது நான்தான். நிர்வாகமும் சம்மதித்தது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை இரு தரப்பும் கையெழுத்திட்டு ஏற்றோம்.

ஏழு மாதத்தில் அவார்டு, அதாவது நடுவரின் தீர்ப்பு, வந்தது. டிஸ்மிஸ் செல்லும் என்று எழுதியிருந்தார்.

"நான் கையே வைக்கல தோழர். ஹைகோர்ட்டுல சொன்னா கேப்பாங்கதானே?" என்றார் அவர். அந்தக் கேள்வியோடுதான் வக்கீலிடம் போனோம். அவர் பொறுமையாகச் சொன்னார்: அரசியலமைப்பின் 226-வது பிரிவில் போடும் ரிட் மனு அப்பீல் அல்ல. சாட்சியம் போதுமா, போதாதா என்று உயர் நீதிமன்றம் எடை போடாது. சாட்சியமே இல்லாமல் முடிவெடுத்தாரா, ஏற்க வேண்டிய சாட்சியத்தைத் தள்ளினாரா, மேலோட்டமாகப் பார்த்தாலே தெரியும் சட்டப் பிழை இருக்கிறதா என்றுதான் பார்க்கும். 1963-லேயே சையத் யாகூப் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டதாம்.

எங்கள் கோப்பில் இரண்டு பேர் பார்த்ததாகச் சாட்சி சொல்லியிருந்தார்கள். அதில் ஒருவர் சூப்பர்வைசருக்குச் சொந்தக்காரர். "இதை உள்விசாரணையில் குறுக்குக் கேள்வியாகக் கேட்டீர்களா?" என்றார் வக்கீல். கேட்கவில்லை. டிஸ்மிஸுக்கு முன் நிர்வாகம் நடத்திய அந்த விசாரணையில் தொழிலாளிக்கு உதவியாக உட்கார்ந்திருந்தவன் நான். எனக்கே அது பின்னால்தான் தெரிந்தது. எல்லா வழக்கிலும் சாட்சியத்தை மறுபடி அலச ஆரம்பித்தால் அப்புறம் நடுவர் எதற்கு என்பது நியாயம்தான். ஆனால் நிர்வாகத்தின் ஆளே விசாரணை அதிகாரியை நியமித்து, தொழிலாளியின் பக்கத்தில் சட்டம் படிக்காத சக தொழிலாளி உட்காரும் ஒரு அறையில் பதிவாகும் வார்த்தைகள், கடைசி கோர்ட் வரைக்கும் கூடவே வருகின்றன. அது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

வக்கீல் அவார்டை மறுபடி முதலிலிருந்து படித்தார். பத்தொன்பது பக்கம். தண்டனையைப் பற்றி ஒரே வரி: குற்றம் நிரூபணமானதால் தலையிட இடமில்லை. பதினாறு வருடத்தில் அவர் மேல் ஒரு மெமோகூட இல்லை என்பது எங்குமே இல்லை. "இதுதான் நம்ம பாயிண்ட்" என்றார். 1971 டிசம்பரில் நடப்புக்கு வந்த, அதே சட்டத்தின் 11ஏ பிரிவு, டிஸ்மிஸ் அதிகப்படி என்று தோன்றினால் தண்டனையைக் குறைக்க அதிகாரம் தந்தது. சிக்கல் என்னவென்றால், அந்தப் பிரிவு தொழிலாளர் நீதிமன்றத்தையும் தீர்ப்பாயங்களையும் சொன்னதே தவிர நடுவரைச் சொல்லவில்லை.

அதற்கு வழி காட்டியது குஜராத் ஸ்டீல் டியூப்ஸ் வழக்கு. 1973 வேலைநிறுத்தத்தில் 853 தொழிலாளர்களை நிர்வாகம் வெளியேற்றியது. நடுவர் அது சரி என்றார். குஜராத் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. உச்ச நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகளில் ஒருவர் மாறுபட்டார். நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு, 10ஏ நடுவரின் முடிவையும் ரிட்டில் ஆராயலாம், 11ஏ அதிகாரம் அவருக்கும் உண்டு என்றது. 1979 நவம்பரில் வந்த தீர்ப்பு அது. எங்களுக்காகவே எழுதியதுபோல் இருந்தது.

ரிட் மனு போட்டுவிட்டு மூன்று வருடம் காத்திருந்தோம். வாதம் நடந்தது நாற்பது நிமிடம். சட்டையைப் பிடித்தார் என்ற முடிவை நீதிபதி தொடவே இல்லை. தண்டனையை மட்டும் மறுபடி பார்க்கச் சொல்லி நடுவருக்கே திருப்பி அனுப்பினார். இந்த முறை வேலை கிடைத்தது, பணித் தொடர்ச்சியும் கிடைத்தது. வேலையில் இல்லாத காலத்துக்குச் சம்பளம் கிடையாது, இரண்டு இன்க்ரிமென்ட் வெட்டு.

நான் சந்தோஷமாகச் சொல்லப் போனேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்போ நான் சட்டையப் பிடிச்சேன்னு எழுதினது அப்படியேதான் இருக்குமா?" என்றார்.

"இருக்கும்" என்றேன்.

மறுநாள் காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு வந்தார். வேறு லேத் கொடுத்திருந்தார்கள்.