ஸ்லோ லோக்கலில் ஒரு மோர்க்குழம்பு

மும்பையில் முலுண்டில் ஏறி சி.எஸ்.எம்.டி. வரை, எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் ஸ்லோ லோக்கலில் போகிறவர் கம்பராமாயணத்தைப் பிரிக்கவே கூடாது. பத்தாயிரத்துக்கு மேல் பாட்டு; பாயிரம் தாண்டுவதற்குள் காட்கோபர் கூட்டம் மேலே விழுந்துவிடும். தவிர, அந்தத் தலையணைக்கு இரண்டு கை வேண்டும். ஒரு கை கைப்பிடியில் தொங்கும்போது மிச்சம் இருப்பது ஒன்றுதான்.

ஒற்றைக் கைக்கு வாய்த்தது சங்கப் பாட்டுத் தொகுப்பான குறுந்தொகை. கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாட்டு, பெரும்பாலும் நாலிலிருந்து எட்டடி. விக்ரோலியில் ஆரம்பித்தால் காட்கோபருக்குள் ஒரு தடவை படித்துவிடலாம். நாளுக்கு ஒன்று, தண்டவாள வேலைக்காக ரயில்களைக் குறைக்கும் மெகா பிளாக் ஞாயிறுகள் போக, ஒன்றேகால் வருஷத்துக்குக் காணும். உ.வே.சா.வின் 1937 பதிப்பு உத்தமம்; ஆனால் அது வீட்டு அலமாரிக்கு. அன்றைய பாட்டின் பக்கத்தை மட்டும் போனில் படம் எடுத்துக்கொண்டால் போதும்.

உரையை முதலில் பார்க்காதீர்கள். யார் யாரிடம் பேசுகிறார் என்ற கூற்றுக் குறிப்பைப் பாருங்கள். அதை விட்டால் தோழி திட்டுவதைத் தலைவி கொஞ்சுவதாக நினைத்து தாதர் வரை உருகிக்கொண்டே போவீர்கள்.

167ஆம் பாட்டை எடுத்துக்கொள்வோம், கூடலூர் கிழார் பாடியது. மகள் குடித்தனம் நடத்தும் அழகைப் பார்த்துவிட்டு வந்த செவிலி, அதாவது வளர்ப்புத் தாய், பெற்ற தாயிடம் சொல்கிறாள். 'முளிதயிர் பிசைந்த' என்று தொடங்கியதுமே பக்கத்து மாமி எட்டிப் பார்த்து, "சமையல் புக்கா?" என்பார். பாதி சரி. முற்றிய தயிரைக் கையால் பிசைந்து, தாளிப்புப் புகை மையிட்ட கண்ணில் ஏற, அவளே துழாவி ஆக்கிய 'தீம்புளிப் பாகர்', நம் மோர்க்குழம்புக்கு உறவு.

இரண்டாம் அடியில்தான் பலர் தடுக்கி விழுவார்கள். 'கழுவுறு கலிங்கம்' என்றதும் அசோகர் படையோடு வந்துவிடுவார். இங்கே கலிங்கம் என்றால் புடவை. 'கழாஅது உடீஇ' பார்த்து மிரள வேண்டாம். அளபெடையை, அதாவது இழுத்து நீட்டிய ஓசையைச் சுருக்கினால் கழாது, அதாவது துவைக்காமல், உடுத்து. பிசைந்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அதையே கட்டிக்கொண்டு சமைக்கிறாள்.

பெரிய பள்ளம் கடைசி அடியில். 'நுண்ணிதின் மகிழ்ந்தன்று ஒண்ணுதல் முகனே.' 'அன்று' என்றால் இல்லை என்று எடுத்துக்கொண்டால், கணவன் இனிது என்று சாப்பிட்டும் அவள் முகம் மகிழவில்லை என்றாகும். நல்ல குடும்பத்தில் சண்டை மூட்டியது படித்தவர்தான், புலவர் இல்லை. மகிழ்ந்தன்று என்றால் மகிழ்ந்தது; நடுவில் இருக்கும் 'அன்' வெறும் சாரியை, தனக்கென்று பொருள் இல்லாத இணைப்பு. 3ஆம் பாட்டின் 'வானினும் உயர்ந்தன்று' இதே கதை: வானத்தைவிட உயர்ந்தது.

இவ்வளவையும் சொல்லி முடிக்கும்போது குர்லா வந்திருக்கும். மாமி விடமாட்டார்.

"அது சரி, நன்னாருக்குன்னு அவன் வாயைத் திறந்து சொன்னானா?"

'இனிதெனக் கணவன் உண்டலின்' என்றுதான் இருக்கிறது. 'என' என்பதில் சொன்னதும் அடங்கும், மனசுக்குள் நினைத்ததும் அடங்கும்.

"சொல்லியிருக்க மாட்டான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு மாமி சயானில் இறங்கிவிடுவார்.