தொட்டி நிரப்ப ஒரு மேடை

மண் கலக்கவும் செடித் தொட்டி நிரப்பவும் தனியாக ஓர் இடம் வேண்டும் என்று நினைப்பவர்கள் முதலில் மேஜையைத்தான் தேடுகிறார்கள். நெல்லைச் சீமையில் முதலில் பார்க்க வேண்டியது திசை. ஆனி பிறந்ததும் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் மேல்காற்று இறங்கிவிடும். அந்தக் காற்றில் காய்ந்த தேங்காய் நார்த்தூளை அள்ளினால் பாதி பக்கத்து வீட்டு மாடியில் கிடக்கும். பிற்பகல் வெயிலும் அதே மேற்கில் இருந்துதான். அதனால் மேடைக்கு மேற்கே முழுச் சுவர் வேண்டும். வீட்டின் கிழக்குச் சுவரை ஒட்டிப் போட்டுவிட்டால் செலவில்லாமல் அது கிடைத்துவிடும்.

கிழக்கில் ஓர் இடைஞ்சல் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழை வடகிழக்கில் இருந்து சாய்ந்து அடிக்கும். கூரை மேடையின் விளிம்போடு நின்றுவிடாமல் இன்னும் 2 அடியாவது வெளியே நீள வேண்டும். பனங்கை (பனைமரச் சட்டம்) கிடைத்தால் கூரைச் சட்டத்துக்கு அதுவே போதும். வைரம் பாய்ந்த பனையைக் கரையான் எளிதில் தொடாது. தகரம் போட்டால் சித்திரையில் அடியில் நிற்க முடியாது, மேலே தென்னங்கிடுகு பரப்பிக் கொள்ளுங்கள். மேற்குச் சுவர் இல்லாத இடத்தில் பச்சை நிழல்வலையைச் செங்குத்தாகக் கட்டிச் சமாளிப்பது சரிவராது. ஆடிக் காற்றில் அது பாய்மரம் மாதிரி உப்பிக் கம்பத்தோடு சாயும்.

மேடையின் உயரத்துக்குச் சின்னக் கணக்கு. நிமிர்ந்து நின்று கையை மடக்கி, தரையில் இருந்து முழங்கை வரை அளந்து, அதில் 6 அங்குலம் கழிக்க வேண்டும். ஐந்தேகால் அடி உயரமுள்ளவருக்கு ஏறத்தாழ 33 அங்குலம் வரும். 16×8×8 அங்குல ஹாலோ பிளாக் நான்கை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் 32 அங்குலம். அப்படி இரண்டு தூண், நடுவில் இரண்டரை அடி இடைவெளி, மேலே 4 அடிக்கு 2 அடி, 20 மில்லிமீட்டர் கடப்பா கல். இரண்டு தூணிலும் கல்லுக்குக் கல் கொஞ்சம் சிமெண்ட் கலவை வைத்துவிடுங்கள்; வெறுமனே அடுக்கினால் என்றைக்காவது யாராவது இடித்துத் தள்ளிவிடுவார்கள். கடப்பா கல்லின் முன்விளிம்பைக் கடையிலேயே உருட்டித் தரச் சொல்லுங்கள், இல்லையென்றால் முன்கையைக் கிழிக்கும். பிளைவுட் வேண்டவே வேண்டாம். ஈரம் பட்டு உப்பிவிடும், அடுத்த வருஷம் கரையான் வந்துவிடும்.

பின்பக்கமும் இரண்டு ஓரமும் 4 அங்குலத்துக்குத் தடுப்பு, முன்பக்கம் திறந்தே இருக்கட்டும். சிந்திய மண்ணை அப்படியே வாளிக்குள் வழித்துவிடலாம். 12 அங்குலத்துக்கு மேற்பட்ட தொட்டியை இந்த மேடையில் ஏற்றாதீர்கள், தோள் வலிக்கும். அதற்குத் தரையே நல்லது.

மொட்டை மாடியில் போடுவதென்றால் எடையைப் பார்த்தே ஆக வேண்டும். எட்டு பிளாக்கும் கடப்பா கல்லும் ஈர மண் நிரம்பிய இரண்டு வாளியும் சேர்ந்தால் 200 கிலோவைத் தாண்டிவிடும். மாடித் தளத்துக்குப் பொதுவாக எடுக்கும் கணக்கு சதுர மீட்டருக்கு 150 கிலோதான். கீழே சுவர் வருகிற கோட்டின் மேல் வைக்க வேண்டும், அல்லது இரும்பு ஆங்கிளில் ஸ்டாண்ட் அடித்துக்கொள்ள வேண்டும்.

இனி மண். மேடையில் நடக்கிற வேலையில் முக்கால்வாசி இதுதான்.

அளவுக்கு 20 லிட்டர் பெயிண்ட் வாளி போதும். செம்மண் ஒன்று, கழுவிய நார்த்தூள் ஒன்று, மட்கிய தொழுவுரம் ஒன்று, இந்த மூன்று வாளிக்கும் சேர்த்து அரைக் கிலோ வேப்பம் புண்ணாக்குத் தூள். ராதாபுரம், திசையன்விளை பக்கத்துத் தேரி மணல் என்றால் அதில் பிடிப்பே இருக்காது, தொழுவுரத்தை ஒன்றரை வாளியாக்குங்கள். கரிசல் மண் இதற்கு நேர்மாறு. தொட்டியில் தனியாகப் போட்டால் காய்ந்ததும் சுருங்கிச் சுவரை விட்டு விலகும். ஊற்றுகிற தண்ணீர் அந்த இடுக்கில் இறங்கி அடித்துளை வழியே உடனே வந்துவிடும். மேலே பார்த்தால் ஈரம், நடுவில் வேர் காய்ந்து கிடக்கும். கரிசலை அரை வாளியோடு நிறுத்தி, மீதி அரைக்குச் செங்கல் சல்லியைச் சேர்க்கலாம். எம் சாண்ட் போடுகிறவர்கள் கழுவிவிட்டுப் போடவும். அதிலிருக்கும் மாவு அடியில் இறங்கி இறுகிக்கொள்ளும்.

நார்த்தூள் கட்டி 5 கிலோ ஒன்றுக்கு 25 லிட்டர் தண்ணீர் வரை குடிக்கும். உதிர்த்தால் 70 லிட்டர் அளவுக்கு வரும். பிரச்சினை அதிலிருக்கும் உப்பு. கழுவாமல் போட்டால் நாற்றின் இலை நுனி கருகும், பார்ப்பவர்கள் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்கள். வீட்டுக் குடிநீரைச் சோதிக்கும் டிடிஎஸ் மீட்டர் இருந்தால் வேலை எளிது. ஊற்றுகிற தண்ணீரையும் பிழிந்து வருகிற தண்ணீரையும் அளக்க வேண்டும். இரண்டும் நெருங்கி வரும்வரை கழுவ வேண்டும். போர் தண்ணீர் உப்பாக இருக்கிற ஊர்களில் கடைசி அலசலாவது நல்ல தண்ணீரில் இருக்கட்டும்.

தொழுவுரத்தைக் கால் அங்குலச் சல்லடையில் சலிக்காமல் கலக்காதீர்கள். தென்னை நிறைந்த நம் பக்கத்துக் குப்பைக் குழிகளில் காண்டாமிருக வண்டின் புழு சாதாரணம். கட்டைவிரல் பருமன், வெள்ளை உடம்பு, செம்பழுப்புத் தலை, அரைவட்டமாக வளைந்து கிடக்கும். சல்லடையில் தங்கிவிடும், கோழிக்குப் போட்டுவிடலாம். கையில் சூடு தெரிந்தாலோ சாண வாடை அடித்தாலோ அந்த உரம் இன்னும் மட்கவில்லை, திருப்பி அனுப்புங்கள்.

கலந்ததை ஒரு வாரம், பத்து நாள் மூடி வைக்க வேண்டும். புண்ணாக்கு மட்கும்போது சூடு கிளம்பும், வெள்ளைப் பூசணம் படரும். பயப்பட வேண்டியதில்லை, கிளறிவிட்டால் போதும். வாளியின் அடியிலும் பக்கத்திலும் துளை இல்லாவிட்டால்தான் புளித்து நாறும்.

நிரப்புகிற அன்றைக்கு ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். விரலிடுக்கில் நீர் கசிந்தால் ஈரம் அதிகம்; அதை அப்படியே அமுக்கினால் காற்று நுழைய வழியில்லாமல் போகும். தூசி பறந்தால் தண்ணீர் தெளித்து ஒரு மணி நேரம் விடுங்கள்.

மண் தொட்டி காருக்குறிச்சிப் பக்கம் நன்றாகவே கிடைக்கிறது. புதுத் தொட்டியைக் குமிழி அடங்கும்வரை தண்ணீரில் முக்கி வைத்த பிறகே நிரப்ப வேண்டும், இல்லையென்றால் செடிக்கு ஊற்றுவதைத் தொட்டி குடித்துவிடும். துளையின் மேல் ஓட்டுச் சில்லு ஒன்றைக் கவிழ்த்தால் போதும். அடியில் ஜல்லி பரப்புகிற பழக்கம் எல்லோரிடமும் இருக்கிறது, பயன் இல்லை. ஜல்லிக்கு மேலே உள்ள மண் முழுக்க நனைந்த பிறகே தண்ணீர் கீழே இறங்கும். வேருக்குக் கிடைக்கிற இடம்தான் குறைகிறது. மேல் விளிம்பில் ஓர் அங்குலம் காலி விடுங்கள்.

மேடைக்கு அடியில் மண் வாளிகள், மம்பட்டி, கடகப்பெட்டி. கொத்துக்கரண்டியும் கத்தரியும் சுவர் ஆணியில் தொங்கட்டும். கை கழுவுகிற தண்ணீரை நேராகச் சாக்கடையில் விட்டால் வண்டல் அடைத்துக்கொள்ளும். ஒரு வாளியில் தெளியவிட்டு வாழைக்கு ஊற்றலாம். காலித் தொட்டிகளை எப்போதும் கவிழ்த்தே வைக்கவும், மழைக்காலத்தில் டெங்குக் கொசுவுக்கு ஒரு கை அளவு தண்ணீர் போதும். கவிழ்த்த தொட்டியின் அடி தேளுக்கும் பூரானுக்கும் வசதியான இடம். எடுக்கும் முன் கம்பால் தட்டி, உங்கள் பக்கம் திறக்காமல் எதிர்ப்பக்கம் சாய்த்துப் பார்த்து எடுங்கள்.